கேள்வி: உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு (விவசாயிகளே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் கம்பெனி) முதலில் ஐந்தாண்டுத் திட்டமா, இயக்குநர் குழுவை, அதாவது போர்டைத் தயார்படுத்துவதா? இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

நீங்களும் ஏதோ ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் புது சி.இ.ஓ., ஒரு பக்கம் பிசினஸ் பிளான் கேட்டு நச்சரிக்கிறார்கள், மறுபக்கம் போர்டு மீட்டிங் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்களே சேரவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போர்டுதான் முதலில்.

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் வாங்கி விற்கும் நிறுவனம் எங்களுடையது. சட்டப்படி இயக்குநர்கள் 5 முதல் 15 பேர் இருக்கலாம். எங்களுக்குப் பத்துப் பேர். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது கட்டாயம் என்பதால் கூடுவோம். டீ, போண்டா, மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து. எம்.பி.ஏ. முடித்த ஜோரில் நான் நாற்பது பக்கத்துக்கு ஆங்கிலத்தில் திட்டம் எழுதி நீட்டினேன். அதற்கும் வரிசையாகக் கையெழுத்து விழுந்தது.

மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய ஒரு அக்கா மட்டும் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "தம்பி, ஈரத்தோட வாங்குறோம். காஞ்சா எடை குறையுமே, அதை எங்க எழுதியிருக்கீங்க?" என்றார்.

எங்கேயும் எழுதவில்லை. 18 சதவீத ஈரத்தில் 100 கிலோ வாங்கி 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 95 கிலோ சொச்சம்தான் தேறும். நானோ வாங்கின எடையையே விற்கிற எடையாகப் போட்டு ஐந்து வருட லாபம் காட்டியிருந்தேன்.

திட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடுத்த ஆறு மாதம் மாதாமாதம் கூட்டம். கொள்முதல், விற்பனை, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் தமிழில் சத்தமாக வாசித்தோம். எடை போடும் இடத்தில் முறை வைத்து இயக்குநர்கள் நின்றார்கள். பிறகு அவர்களே சொல்லச் சொல்ல எழுதிய திட்டம் நாலே பக்கம். நான் ஆசைப்பட்ட தீவன மில் அதில் இல்லை.

'திட்டமில்லாமல் ஆறு மாதம் ஓட்டினாயா' என்று கீழே சண்டைக்கு வருபவர்களுக்கு: வங்கிக்கு ஒரு காகிதம் வேண்டும்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. நாற்பது பக்கத்தைக் காட்டித்தான் அதையும் சமாளித்தேன்.

சம்பந்தமில்லாத ஒன்று. பெண் பார்க்கப் போன வீட்டில் "விவசாயக் கம்பெனிக்கெல்லாம் சி.இ.ஓ.வா?" என்று சிரித்தார்கள். சம்பளத்தைக் கேட்டதும் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. எங்களைப் போன்ற நிறுவனங்களுக்காக 2020-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், சி.இ.ஓ. சம்பளம் உட்பட நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது, அதுவும் 3 வருடத்துக்குத்தான். அது முடிந்த மாதம் போர்டு உட்கார்ந்து கணக்கை வரி வரியாக வாசித்தது. அக்காதான் வாசித்தார். முதலில் குறைத்தது என் சம்பளத்தை.