“சும்மா மிரட்டுறா” என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 19 வயது. போன மாதம் வீட்டிலிருந்த பாரசிட்டமால் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டாள். அம்மா உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அப்பா தயங்கியதால் மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துவிட்டாள். ஆனால் கையில் பழைய கீறல்களும் இருக்கின்றன. “சும்மா மிரட்டுறா, கேட்டுக் கிளறாதே” என்கிறார் மாமா. என்ன செய்வது?
– ஓர் அண்ணன், திண்டுக்கல்

பதில்: மாமா சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதற்கு முன், அந்த ஒரு நாள் தாமதம். பாரசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. பிள்ளை நடமாடும், பேசும். கல்லீரல் கெடுவது அப்புறம்தான் வெளியே தெரியும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. 8 மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கினால் கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதமானாலும் பயன் உண்டு. உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் உப்பு ஏறினால் அதுவே ஆளைக் கொல்லும். எந்த மாத்திரையானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். காலி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.

போலீஸ் பயம் பழைய காலத்தது. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தகவல் போகும் மருத்துவ-சட்டப் பதிவு) பதிவார்கள், காவலர் வந்து விசாரிக்கவும் செய்யலாம். ஆனால் 2017 மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, இப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309ஆவது பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை.

இனி மாமாவுக்கு. கீறிக்கொள்ளும் பலர் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாத தவிப்பைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். என்றாலும் அவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து அதிகம். ஏற்கெனவே ஒருமுறை முயன்றவருக்கு இன்னும் அதிகம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக இருக்கும்போது, “ஏம்மா, செத்துடலாம்னு இப்பவும் தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். “ஆமாம்” என்றால் அழவோ திட்டவோ வேண்டாம். “ஊர் என்ன சொல்லும்” என்பது கூடவே கூடாது. பேச விடுங்கள்.

வீட்டில் மாத்திரைகளைக் குறைத்து, இருப்பதைப் பூட்டி வையுங்கள். பிரிட்டனில் 1998-இல் பாரசிட்டமால் பாக்கெட்டைச் சிறிதாக்கியதும் அதனால் நேர்ந்த சாவுகள் குறைந்தன. வேகம் தணியும் வரை கைக்கு எட்டாமல் இருப்பதே பெரிய விஷயம்.

இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். 14416 (மனநல உதவி எண்), 104 (அரசின் சுகாதார உதவி எண்) இரண்டிலும் தமிழில் பேசலாம், உங்களுக்கும் சேர்த்துத்தான். “இன்றைக்கே தோன்றுகிறது” என்றால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.