நகர வடிவமைப்புப் போட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: கட்டடக்கலை மாணவர்களுக்கான நகர வடிவமைப்புப் போட்டியில் கலந்துகொள்கிறோம். எங்களுக்குத் தந்த நிலம் 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். குழுவில் பாதிப் பேர் உயரமான கோபுரங்களிலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: கோபுரம் இருக்கட்டும், முதலில் கணக்கைப் போடுங்கள். உங்கள் நிலம் 20,000 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு (நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் மொத்தம் 40,000 சதுர மீட்டர் கட்டலாம். நிலத்தில் 40 சதவீதத்தில் மட்டும் கட்டடம் நின்றாலே சராசரி ஐந்து தளத்தில் வேலை முடிந்துவிடும். அதன்பிறகும் கோபுரம் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். குறியீடு முழு நிலத்துக்கா, சாலையும் பூங்காவும் போக மீதிக்கா என்பதையும் விதிகளில் பாருங்கள். 30 சதவீதம் கழிந்தால் 40,000 என்பது 28,000 ஆகிவிடும், திட்டமே மாறிப்போகும்.

அடுத்தது வாகன நிறுத்தம். பலர் சறுக்குவது இங்கேதான். வந்துபோகும் வழியோடு சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். 200 கார் என்றால் 5,000 முதல் 6,000. தரையில் நிறுத்தினால் நிலத்தில் கால்வாசி போய்விடும். நிலவறைக்குக் கொண்டுபோனால், 3.5 மீட்டர் இறங்க 1:8 சரிவில் 28 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. அதன் வாயை எங்கே திறப்பது என்று முதல் வாரமே முடிவு செய்யாவிட்டால், கடைசி வாரத்தில் அது பிரதான நடைபாதையின் குறுக்கே வந்து நிற்கும். நிலவறைக் கூரைமேல் மரம் வரைகிறீர்களா? ஒரு மீட்டருக்குக் குறையாத மண்ணை வெட்டுத்தோற்றத்தில் (குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவதைக் காட்டும் வரைபடத்தில்) காட்டுங்கள். விவரம் தெரிந்த நடுவர் முதலில் தேடுவது அதைத்தான்.

கேள்வி: ஏ1 தாளில் எந்த அளவுகோலில் வரைவது?

பதில்: ஏ1 என்பது 841 × 594 மில்லிமீட்டர். 1:500 அளவில் முழுத் தாளில் 420 × 297 மீட்டர் அடங்கும். உங்கள் நிலத்தோடு நான்கு பக்கமும் சுமார் 100 மீட்டர் சுற்றுப்புறம் தெரியும். பக்கத்துத் தெரு உங்கள் தெருவோடு சேரவில்லை என்றால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். 1:200 வெட்டுத்தோற்றத்தை அகலவாக்கில் எடுங்கள். 100 மீட்டர் 50 சென்டிமீட்டரில் முடியும். நீளவாக்கில் எடுத்தால் ஒரு மீட்டர் வேண்டும், தாளில் இடமில்லை.

நடுவர்களுக்கு ஏ3 நகல் போகுமா என்று விசாரியுங்கள். ஏ3-இல் எல்லாம் நீள அகலத்தில் பாதியாகும். 14 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து 7 ஆகும், மெல்லிய கோடுகள் காணாமல் போகும். எனவே சமர்ப்பிக்கும் முன் ஒரு தாளையாவது ஏ3-இல் அச்செடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கட்டடங்களைக் கறுப்பாக நிரப்பி, வெளியிடத்தை வெள்ளையாக விடும் வரைபடத்தை ஆசிரியர் கட்டாயம் என்கிறார். அவ்வளவு முக்கியமா?

பதில்: கட்டாயம் வரையுங்கள். எங்களைக் கேட்டால், மற்ற எல்லா வரைபடத்துக்கும் முன்னால் இதைத்தான் வரைய வேண்டும். கட்டடங்களுக்கு இடையில் மிஞ்சுவது முற்றமா, வெறும் இடைவெளியா என்பதை வண்ணப்படம் மறைத்துவிடும், இது மறைக்காது. வெள்ளைப் பகுதிக்கு ஒரு வடிவம் கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. கறுப்புப் பெட்டிகள் வெள்ளையில் மிதந்தால் திட்டத்தைத் திருத்துங்கள். 1748-இல் இத்தாலியக் கட்டடக்கலைஞர் நோல்லி வெளியிட்ட ரோம் நகர வரைபடத்தைப் பாருங்கள். தேவாலயங்களின் உட்புறமும் அதில் தெருவைப் போலவே வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் அங்கும் மக்கள் நுழையலாம். உங்கள் தரைத்தளத்தையும் அப்படியே வரையுங்கள். யாரும் நுழைய முடியாத நீண்ட சுவர் எந்தத் தெருவில் விழுகிறது என்று உடனே தெரியும்.

கேள்வி: அட்டையில் செய்யும் மாதிரிக்கு (மாடலுக்கு) எவ்வளவு தடிமன் அட்டை வேண்டும்?

பதில்: 1:500-இல் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு தளம் 6 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் அட்டை இரண்டை ஒட்டினால் ஒரு தளம். சுற்றியுள்ள கட்டடங்களை ஒரே நிறத்தில் திண்மமாகச் செய்தால் போதும், ஜன்னல் வெட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: தாளில் கல்லூரிப் பெயர் போடலாமா?

பதில்: பெயரில்லாமல் சமர்ப்பிக்கச் சொல்லும் போட்டியில் போட்டால் தகுதியிழப்புதான். பதிவு எண் மட்டும் போதும். பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் 'ஆசிரியர்' இடத்தில் உங்கள் பெயர் தானாக ஏறியிருக்கும், அதையும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.