தைத்த நரம்பும் மரத்த விரலும்: ஷ்வான் செல் செய்யும் வேலை

கேள்வி: எனக்கு வயது 54. கண்ணாடி கிழித்ததில் மணிக்கட்டில் அறுந்துபோன அல்நார் நரம்பை மறுநாளே அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். நான்கு மாதங்கள் ஆகியும் சுண்டுவிரல் மரத்தே இருக்கிறது. உள்ளங்கையில் ஓரிடத்தில் தட்டினால் மட்டும் விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்கிறது. நரம்பு வளர்வதை அதைச் சூழ்ந்த செல்களின் மரபணுக்களே தீர்மானிக்கின்றன என்று படித்தேன். என் மரபணுவில் ஏதேனும் குறையா? இப்போது சாப்பிடும் வைட்டமின் மாத்திரைகளின் அளவைக் கூட்டினால் வேகம் கூடுமா?

பதில்: அந்தச் சுரீர் உணர்வை நீங்கள் கோளாறு என்று எண்ணிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரியே அதுதான். வளர்ந்துவரும் நரம்பிழைகளின் முனைகளுக்கு, இழையைப் போர்த்திக் காக்கும் மயலின் என்னும் கொழுப்புறை இன்னும் அமையாததால், லேசாகத் தட்டினாலே அவை தூண்டப்பட்டுவிடும். ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915இல் விவரித்த இதனை டினெல் அறிகுறி என்கிறோம். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு 15 செ.மீ.க்கும் கூடுதலான தொலைவு இருக்கும். தையல் போட்ட இடத்தைத் தாண்டவே சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே, நான்கு மாதங்களில் சுரீரென்னும் இடம், அதாவது இழைகளின் முனை, உள்ளங்கைக்கு வந்திருப்பது தாமதமே அன்று.

மரபணுக் குறை பற்றிய உங்கள் அச்சத்திற்கும் காரணமில்லை. மரபணுக் கட்டுப்பாடு என்றால், எந்த மரபணு எந்தச் செல்லில் எப்போது இயங்க வேண்டும், எப்போது அடங்கியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. மரபணுவே பழுதுபட்டிருப்பது வேறு. இந்த ஏற்பாடு நரம்பில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான், உங்களுக்கு மறுநாளே செய்த அறுவை சிகிச்சையின் அருமை விளங்கும்.

தையல், நரம்பின் வெளியுறையை மட்டுமே சேர்க்கிறது. உள்ளே அறுந்த ஆயிரக்கணக்கான இழைகளை எந்த ஊசியாலும் ஒட்டவைக்க முடியாது. இழைகளின் தாய்ச் செல்கள் கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலும் அதை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் இருக்கின்றன. அவற்றோடு தொடர்பு அறுந்ததால், காயத்திற்கு அப்பாலுள்ள இழைகள் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். தவளையின் நாக்கிற்குச் செல்லும் நரம்புகளை வெட்டிப் பார்த்து, அகஸ்டஸ் வாலர் 1850இல் வெளியிட்ட உண்மை இது. இழைகள் போனபின்னும் அங்கே உயிரோடு எஞ்சியிருப்பவை, அவற்றைச் சுற்றி மயலின் உறை போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள்.

நலமான நரம்பில் ‘க்ராக்ஸ்-20’ என்னும் புரதம் இச்செல்லின் மயலின் மரபணுக்களை முடுக்கிவைத்திருக்கும். காயம் பட்டதும் அதன் அளவு சரிந்து, ‘சி-ஜுன்’ என்ற வேறொரு புரதம் பெருகுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்குபவை; ஆதலால் ஒன்று ஓங்கினால் மற்றது தாழும். அதோடு, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மீத்தைல் என்னும் சிறு வேதிக் குறியிட்டுப் பூட்டிவைத்திருந்த பல மரபணுக்களும், அக்குறிகள் நீக்கப்பட்டுத் திறக்கின்றன. இதன் விளைவாக, உறை போர்த்திக்கொண்டிருந்த அதே செல் தான் கட்டிய மயலினைத் தானே செரித்து அகற்றுகிறது, எஞ்சிய குப்பையைத் தின்ன மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல்களை அழைக்கிறது, ஜிடிஎன்எஃப், பிடிஎன்எஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கிறது. பின்னர் இரண்டு மூன்று மடங்கு நீண்டு, அடுத்தடுத்த செல்களோடு வரிசைகட்டி நின்று, புது இழைகள் பற்றிச் செல்வதற்கான தடமாகிறது. செல் சாகாமலே தொழில் மாறிக்கொள்ளும் இந்த நிகழ்ச்சி, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு வியப்பளிப்பதுதான்.

இதில் சி-ஜுனின் பங்கை, கிறிஸ்ட்யான் ஜெசன், ரோனா மிர்ஸ்கி ஆகியோரின் லண்டன் ஆய்வுக் குழு 2012இல் தெளிவாக்கியது. ஷ்வான் செல்களில் மட்டும் சி-ஜுனுக்கான மரபணுவை நீக்கிய எலிகளில், நரம்புச் செல்களில் எந்த மாற்றமும் செய்யாதபோதும், நரம்பு சரியாக மீளவில்லை. உணர்ச்சி நரம்புச் செல்கள் பலவும் மடிந்தன.

ஆனால் ஷ்வான் செல்லின் இந்தச் சீரமைப்பு நிலை நெடுநாள் நிலைக்காது. இழை வந்து சேராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் செல்லில் சி-ஜுன் படிப்படியாகக் குறைகிறது. உங்களுக்கு மறுநாளே தைத்ததன் அருமை இதில்தான் இருக்கிறது. வயதான எலிகளில் அது தொடக்கத்திலேயே போதிய அளவு உயர்வதில்லை. இவ்விரு நிலைகளிலும் சி-ஜுனை மீண்டும் உயர்த்தியபோது இழைகளின் வளர்ச்சி மேம்பட்டது. அப்படியானால் நமக்கும் அதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். அது மிகையாக நீடித்தால் மயலின் மீண்டும் உருவாவதைத் தடுத்துவிடும். இழை வந்து சேர்ந்ததும் சி-ஜுன் தணிந்து க்ராக்ஸ்-20 திரும்ப வேண்டும். இதனை வேண்டியபோது ஏற்றி இறக்கும் மருந்து எதுவும் இன்று மனிதர்களுக்குப் பயன்பாட்டில் இல்லை.

வைட்டமின் மாத்திரை விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பானவன். இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு தெரிந்தால் கட்டாயம் சாப்பிட வேண்டும். குறைவு இல்லாதவருக்கு அளவைக் கூட்டுவதால் இழை விரைந்து வளராது. பி6 மிகுந்த அளவில் மாதக்கணக்கில் உடலில் சேர்ந்தால் அதுவே உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும் என்பதால், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் உறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பி6 எவ்வளவு என்று கூட்டிப்பார்த்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும், புகைப்பழக்கம் இருந்தால் விடுவதும் எந்த மாத்திரையையும்விடப் பயன் தரும்.

அல்நார் நரம்பு விரல்களை விரிக்கும், சேர்க்கும் சிறு தசைகளையும் இயக்குவது. நரம்பின்றி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசை பெரும்பாலும் மீள்வதில்லை. மூட்டுகளோ அதற்கும் முன்பே இறுகிவிடும். எனவே, இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்த பயிற்சிகளை, விரல் அசையாததுபோல் தோன்றினாலும் கைவிடாதீர்கள். சூடான பாத்திரத்தைத் தொடுமுன் மற்றக் கையால் சோதியுங்கள். மரத்த விரல் சுட்டதை உணர்த்தாது.

மாதம் ஒருமுறை, தையல் தழும்பிலிருந்து சுரீரென்னும் இடம்வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள். அந்த இடம் இரண்டு மூன்று மாதங்கள் ஒரே நிலையில் நின்றாலோ, தழும்பின்மேலேயே கடும் வலியோடு கட்டிபோல் தட்டுப்பட்டாலோ, அடுத்த முறைக்குக் காத்திராமல் அந்தக் குறிப்போடு உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் செல்லுங்கள்.