காலிக் கோட்டையைப் பார்க்க எந்த வழிகாட்டியோடு நடப்பது?

கிளிநொச்சியிலிருந்து குடும்பத்தோடு காலிக்குப் போகிறோம், கோட்டைக்குள் இருக்கிற பழைய கட்டடங்களை நடந்து காட்டி விளங்கப்படுத்த நல்ல ஆளை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கிளிநொச்சிதான். இரண்டு தரம் போனேன், முதல் தரம் ஏமாந்தேன்.

அன்றைக்கு வாசலிலேயே வந்து கதை கொடுத்த ஒருவரோடு போனோம். மதிலில் பத்து நிமிஷம், மிச்ச நேரம் முழுக்க ஒரு மாணிக்கக்கல் கடைக்குள். தேத்தண்ணி மட்டும் நல்லாய்த் தந்தார்கள். அதனால் காசு பேச முதல், "எங்க தொடங்கி எங்க முடிப்பீங்கள், கடைக்கும் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்று கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமத்தையும் காட்டச் சொல்லுங்கள். முகம் மாறினால் அந்த ஆள் வேண்டாம்.

உரிமம் இருக்கிறவர்களிலும் பாடமாக்கி ஒப்புவிக்கிறவர்கள் உண்டு. நான் ஆளை அளப்பது வெளிச்சவீட்டுக்கு முன்னால் இருக்கிற மீரா பள்ளிவாசலை வைத்துத்தான். 1904இல் கட்டியது, இரட்டைக் கோபுரத்தோடு பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று கேளுங்கள். ஆண்டை மட்டும் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குபவரோடு மினக்கெட வேண்டாம்.

இரண்டாம் தரம் வந்தவர் பழைய வாசலைக் கடந்ததும் எங்களை நிப்பாட்டி, திரும்பிப் பார்க்கச் சொன்னார். வெளிப்பக்கம் பிரித்தானியச் சின்னம். உள்பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், 1669 என்ற ஆண்டு, மேலே ஒரு சேவல். ஆட்சி மாறினதைக் கல்லிலேயே காட்டிவிட்டார். 1755இல் கட்டின ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் நிலத்தில் பதித்த கல்லறைக் கற்களுக்கு மேலே நடக்க அம்மா மாட்டன் என்று நின்றுவிட்டா. பிறகு ஒரு வீட்டு விறாந்தையில், யன்னலும் கதிரையும் போர்த்துக்கேயச் சொல், கந்தோர் ஒல்லாந்தச் சொல் என்று அவர் சொல்ல, அம்மா, "கொட்டிலில இருக்கேக்கையும் நாங்கள் யன்னல் எண்டுதானே சொன்னனாங்கள்" என்றா. அவர் அதை எழுதி வைத்துக்கொண்டார். அப்படிக் கேட்கத் தெரிந்த ஆளைத்தான் தேடுங்கள்.

தமிழில் சொல்லக்கூடியவர் வேண்டுமென்றால் முதலே விசாரியுங்கள், கோட்டைக்குள் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள், பத்துக்குப் பிறகு மதிலில் நிழலே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால், காலிக்குப் போக முதல் மன்னார்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தரிடம் போனது. நாலு மூலைக் கொத்தளத்தையும் அங்கே ஒரே பார்வையில் பிடிக்கலாம். மாணிக்கக்கல் கடையும் இல்லை.