பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின் போடுவது எப்படி? சாப்பிடாத நாளில் என்ன செய்வது?

ஊசி குத்தத்தான் பயப்படுகிறீர்கள். அது சுலபம். சாப்பிடும்போது தோள் பக்கத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அந்த மடிப்பில் போடுங்கள். எங்கள் பூனை மணி தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தமாட்டான்.

தவறு நடப்பது சிரிஞ்சில். பூனை, நாய்களுக்கென்றே வரும் இன்சுலின் பெரும்பாலும் யூ-40. ஒரு மில்லியில் 40 யூனிட். மனிதர்களுடையது வழக்கமாக யூ-100. சிரிஞ்சின் கோடுகளும் அந்தந்த மருந்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். வீட்டில் தாத்தாவின் சிரிஞ்சு இருக்கிறதே என்று எடுத்தால், யூ-40 மருந்தை 2 யூனிட் கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 0.8 யூனிட்தான். மாறாக, யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். உயிருக்கே ஆபத்து.

சாப்பிடவில்லையா? வழக்கமான அளவைப் போட்டுவிடாதீர்கள். முதலில் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். (காலையில் நான், இரவில் மனைவி. ஃபிரிட்ஜ் கதவில் காலண்டர் மாட்டி டிக் போடுகிறோம்.) தள்ளாடினால், நடுங்கினால், துவண்டு விழுந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள்.

சிங்கப்பூர் வெயிலில் மருந்தை மேசைமேல் விடக்கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கட்டும், உறைந்துபோனால் வீண். அப்புறம், பயன்படுத்திய ஊசியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் அப்படியே போடாதீர்கள். கெட்டியான சோப்புப் போத்தலில் சேர்த்து, கிளினிக்கில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.