டேட்டாசெட்டை அழித்தும் ஹெச்டிஎஃப்5 கோப்பின் அளவு குறையவில்லையே, ஏன்?

ஹெச்டிஎஃப்5 என்பது பெரிய தரவுகளை ஒரே கோப்பில் அடுக்கி வைக்கும் கோப்பு வடிவம்; அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தரவு அணியும் ஒரு டேட்டாசெட். பைத்தானில் இந்தக் கோப்புகளைக் கையாளும் ஹெச்5பை நூலகத்தை வைத்து ஒரு பெரிய டேட்டாசெட்டை டெல் கட்டளை கொடுத்து அழித்திருக்கிறீர்கள். கோப்போ பழைய கனத்திலேயே இருக்கிறது. உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை, ஹெச்டிஎஃப்5 வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

டெல் அறுப்பது அந்த டேட்டாசெட்டுக்குப் போகும் இணைப்பை மட்டும்தான். அது கோப்பின் கடைசியில் இருந்திருந்தால் கோப்பு சுருங்கக்கூடும். நடுவில் இருந்தால் அந்த இடம் ஓட்டையாக நிற்கும். கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை புதிய தரவு அந்த ஓட்டையில் போய் உட்கார வாய்ப்புண்டு. மூடிவிட்டால், எங்கெங்கே காலி இடம் இருக்கிறது என்ற கணக்கு சேமிக்கப்படாமலே போய்விடும். மறுபடி திறந்து எழுதினால் எல்லாம் கோப்பின் வாலில்தான் சேரும். தினமும் அழித்து எழுதும் ஸ்கிரிப்ட்டுகளில் கோப்பு ஊதிக்கொண்டே போவது இதனால்தான்.

முதலில் ஹெச்டிஎஃப்5-உடன் வரும் ஹெச்5ஸ்டாட் கருவியை ஓட்டிப் பாருங்கள். கணக்கில் வராத இடம் எத்தனை பைட் என்று அதிலேயே தெரிந்துவிடும். அது பெரிதாக இருந்தால் ஹெச்5ரீபேக் என்ற கருவி போதும்: உயிரோடு இருக்கும் தரவை மட்டும் புதிய கோப்புக்கு எழுதித் தரும். ஆனால் அது ஓடும்போது பழையதும் புதியதும் சேர்ந்தே வட்டில் இருக்கும். வட்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் புதிய கோப்பை வேறு வட்டில் எழுதுங்கள்.

ரீபேக் செய்யும் அதே நேரத்தில் ஜிஜிப் முறையில் தரவைச் சிறிதாக்கும் சுருக்கத்தையும் போட்டுவிடலாம். இதில் பலர் விட்டுவிடுவது ஷஃபிள் வடிகட்டியை. வெப்பநிலைத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள்: 300.2, 300.4 கெல்வின் என்று பக்கத்துப் பக்கத்து எண்கள். 32 பிட் மிதவை எண் ஒவ்வொன்றுக்கும் 4 பைட். எண்ணின் பெரிய பகுதியைச் சுமக்கும் பைட்டுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், நுண்ணிய பகுதியைச் சுமக்கும் பைட்டுகள்தான் தாறுமாறாக மாறும். ஷஃபிள், எல்லா எண்களின் முதல் பைட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, அப்புறம் இரண்டாவது பைட்டுகள் என்று அடுக்கிவிடும். ஒரே மாதிரியானவை வரிசையாக வந்துவிடுவதால் ஜிஜிப்புக்கு வேலை சுலபம். ஒரு பிட்கூட இழப்பு கிடையாது. ஜிஜிப்பின் சுருக்க அளவு 4 தாராளம். நான் 9 பக்கமே போவதில்லை, பிடிக்கும் நேரத்துக்கு ஏற்ற லாபம் இல்லை.

இனிமேல் ஊதாமல் இருக்க வேண்டுமா? வடிவமும் வகையும் மாறாத டேட்டாசெட் என்றால் அழிக்காதீர்கள், அதன்மேலேயே எழுதுங்கள். சுருக்கம் போட்ட டேட்டாசெட்டில் இது முழுதாகப் பலிக்காது: தரவு துண்டுதுண்டாகச் சுருக்கி வைக்கப்படுவதால், மாறிய துண்டு பழைய இடத்தில் கொள்ளாமல் இடம் பெயர்ந்து ஓட்டை விடலாம். அழித்து எழுதியே ஆக வேண்டுமென்றால், ஹெச்டிஎஃப்5-இன் 1.10 பதிப்பு முதல் காலி இடக் கணக்கைக் கோப்பிலேயே நிறுத்தி வைக்க முடியும். ஹெச்5பையில் அதற்கான அமைப்பு எஃப்எஸ்-பெர்சிஸ்ட். கோப்பை உருவாக்கும்போதே கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. இடைநிலை முடிவுகளை நான் தனிக் கோப்பில்தான் எழுதுவேன். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பையே நீக்கிவிட்டால் இடம் உடனே கிடைத்துவிடும்.

ரீபேக் முடிந்த கையோடு பழையதை அழித்துவிடாதீர்கள். ஹெச்5டிஃப் கருவி கொண்டு இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று உறுதியான பிறகு நீக்குங்கள்.