தோட்டத்திலிருந்து பொருளாதார வளர்ச்சிப் படிப்புக்கு

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். இந்த ஆண்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் சேர்ந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பொருளாதார வளர்ச்சி படிக்க ஆசை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணிதத்தில் பி, கூடுதல் கணிதத்தில் டி. கணிதத்தை விட்டுவிட்டு வரலாறு எடுத்தால் புள்ளி கூடும் என்கிறார்கள் தோழிகள். மாமாவோ, "அதைப் படிச்சா வேலை கிடைக்காது, கணக்கியல் படி" என்கிறார். என்ன செய்யட்டும்? – ஒரு வாசகி

பதில்:

அன்பு மாணவிக்கு,

கணிதத்தை விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஏழ்மையைக் கண்ணால் கண்டு, அதை மாற்ற வேண்டும் என்ற வேகத்தோடு இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகள் நிறைய. பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பொருளாதார அளவியல் பாடம் வந்ததும் தடுமாறுகிறவர்களும் அவர்களில்தான் அதிகம். யார் ஏழை, எந்தத் திட்டத்தால் எவ்வளவு மாறியது என்று அளந்து சொல்வதுதான் இந்தப் படிப்புக்கு உயிர்.

நம் நாட்டில் நடந்ததையே பாருங்கள். 2016இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்றார்கள். அப்போது வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்). 2020இல் கணக்கிடும் முறையைத் திருத்தி, சத்தான உணவுக்கும் மற்ற அடிப்படைத் தேவைகளுக்கும் ஆகும் செலவைப் புதிதாகக் கணித்தபோது கோடு 2,208 வெள்ளிக்கு ஏறியது. 2019ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு ஆயிற்று. அதே 2016ஐப் புதிய முறையில் போட்டால் 7.6. யாருடைய சம்பளமும் இதனால் குறையவில்லை. கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அதுவரை கணக்கில் வராத குடும்பங்கள் கணக்கில் வந்தன.

இதை உங்கள் லயத்திலேயே, தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையிலேயே, போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. ஒருவர் மட்டும் அந்தச் சம்பளத்துக்கு வேலைக்குப் போகும் வீடு 980 வெள்ளிக் கோட்டில் ஏழை வீடு இல்லை. 2022இன் 2,589 வெள்ளிக் கோட்டில் ஏழை வீடு. இருவர் போனால் 3,400, கோட்டைத் தாண்டிவிடும். 2,589 என்பதும் நாட்டின் சராசரிதான். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எந்த ஊர் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு கோடு மாறும். இன்னொன்றையும் கவனியுங்கள். முதலாளி இலவசமாகத் தரும் வீட்டின் மதிப்பும் குடும்ப வருமானக் கணக்கில் சேரும். தோட்டத்து வீடு வேலையோடு வந்தது என்றால், ஓய்வு பெறும் நாளில் சம்பளமும் வீடும் சேர்ந்தே போகும். மாத வருமானத்தை மட்டும் கேட்கும் ஆய்வில் இந்த ஆபத்து தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்று தோட்டத்தில் வளர்ந்தவருக்குத் தெரியும். எண்ணோடு சொன்னால்தான் அமைச்சில் காது கொடுப்பார்கள். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த உங்கு அசிஸ், ஒரு வீட்டில் உள்ள கைலிகளின் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிராமத்து வறுமையை அளக்கலாம் என்றார். அப்படிப்பட்ட கண் உங்களுக்கும் வேண்டும்.

இனி பாடத் தேர்வு. பொதுப் பாடமான பெங்காஜியான் அம் கட்டாயம். அத்தோடு பொருளாதாரம், கணிதம் எம், மூன்றாவதாகத் தமிழோ வணிகமோ எடுங்கள். கணிதம் எம்மில் நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், ஒட்டுறவு, காலத்தொடர், குறியீட்டெண் எல்லாம் வருகின்றன. பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் புள்ளியியல் இங்கிருந்துதான் தொடங்கும். கூடுதல் கணிதத்தில் டி வாங்கியவர்கள் விழுவது பெரும்பாலும் முதல் பருவத்தில், இயற்கணிதத்திலும் வகையீட்டிலும். ஆகவே முதல் ஆறு வாரம் தினமும் முக்கால் மணி நேரம் நான்காம், ஐந்தாம் படிவப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக் காரணிப்படுத்துதல், அடுக்குக்குறி, மடக்கை, கோட்டின் சரிவு, எளிய வகையீடு ஆகியவற்றைப் போடுங்கள். விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வது போதாது. தாளை மூடிவிட்டுத் தனியாகப் போட வேண்டும். முதல் இரண்டு பருவங்களில் புள்ளி குறைந்தால் அந்தத் தாள்களைப் பிறகு மறுபடி எழுத வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். மியூட் ஆங்கிலத் தேர்வைக் கடைசிவரை தள்ளிப்போடாமல் சீக்கிரமே ஒருமுறை எழுதிவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. சான்றிதழ்களை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள்.

விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரில் 'வளர்ச்சி' இருக்கிறதா என்று தேடாதீர்கள். பாடப் பட்டியலை இறக்கிப் பாருங்கள். நுண்பொருளியலும் பேரினப் பொருளியலும் இடைநிலை வரை, புள்ளியியல், குறைந்தது ஒரு பொருளாதார அளவியல், ஒரு வளர்ச்சிப் பொருளியல் – இவை இருந்தால் விருப்பப் பட்டியலில் மேலே போடுங்கள். அளவியல் இல்லாத திட்டமிடல், மேலாண்மைப் பட்டங்கள் கீழே இருக்கட்டும். என் கணிப்பில், முதல் பட்டம் நேரடிப் பொருளாதாரமாக இருந்து, வளர்ச்சியை விருப்பப் பாடமாக எடுப்பதே உறுதியான வழி. எந்தப் பாடத்தில் எவ்வளவு வாங்க வேண்டும் என்ற சிறப்பு நிபந்தனை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், யூ.பி.யூ. தளத்தில் ஒவ்வொன்றையும் படியுங்கள்.

அளவியல் எதற்கு என்று ஓர் எடுத்துக்காட்டு. ஊரில் இலவச டியூஷன் நடக்கிறது. போன பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகப் புள்ளி வாங்குகிறார்கள். டியூஷனால்தானா? அக்கறையுள்ள பெற்றோர்தான் பிள்ளையை அனுப்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் டியூஷன் இல்லாமலும் கொஞ்சம் கூடவே வாங்கியிருக்கலாம். விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து இரு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் டியூஷனின் பலன் மட்டும் தனியாகத் தெரியும். இந்த முறையை வளர்ச்சித் திட்டங்களுக்குக் கொண்டுவந்ததற்குத்தான் பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

மாமா சொல்வதில் நியாயம் உண்டு. கணக்கியலுக்கு வேலைப்பாதை தெளிவாக இருக்கிறது. 'வளர்ச்சிப் பொருளியலாளர் தேவை' என்று விளம்பரம் வருவது அரிது. புள்ளிவிவரத் துறை, பொருளாதார அமைச்சு, பி.டி.டி. எனும் அரசு நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பணி, மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வணிக வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவைதான் வாசல்கள். அவற்றில் வெறும் பட்டத்தோடு நிற்பவரைவிட, தரவை எடுத்துத் திருத்தி அட்டவணை போட்டுக் காட்டுபவருக்கு இடம் அதிகம். புள்ளியியல் கணக்குப் போடும் 'ஆர்' மென்பொருள் இலவசம். புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டோசம் தளத்தில் தரவும் இலவசம். முதலாண்டு விடுமுறையிலேயே கையில் எடுங்கள்.

பணத்துக்கு பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் இருக்கிறது. நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. விண்ணப்பிக்கும் முன் உங்கள் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்குத் திறந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். கடன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

பாடத்தை மாற்றுவதென்றால் வகுப்புகள் வெகுதூரம் போவதற்குள் செய்ய வேண்டும். இந்த வாரமே எஸ்.பி.எம். சான்றிதழின் நகலோடு ஆறாம் படிவப் பொறுப்பாசிரியரைப் பாருங்கள்.